ஆட்டோவுக்கு போன்: 6 ஜிபி ராம் போதுமா, 8 வேண்டுமா?

மதுரை_ஆட்டோ
வணக்கம். ஆட்டோ ஓட்டுகிறேன். இரண்டு சவாரி ஆப், கூகுள் மேப், வாட்ஸ்அப், ஜிபே எல்லாம் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே போனில் ஓடணும். இப்போது இருப்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். ஸ்கேன் பண்ண ஜிபேயில் கேமரா திறந்தாலே சவாரி ஆப் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வருகிற சவாரி அடுத்தவருக்குப் போய்விடுகிறது. கடையில் ஒரு போனைக் காட்டி, "6 ஜிபியோட இன்னொரு 6 சேரும், மொத்தம் 12" என்கிறார்கள். எடுக்கலாமா?

சர்வீஸ்_மேஜை
அண்ணே, அதை 12 என்று கணக்குப் போடாதீர்கள். சேரும் என்று சொல்கிற 6 ஜிபி, படம், வீடியோ எல்லாம் சேமிக்கிற ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்குவது. ஓடுகிற ஆப்களைத் தாங்குகிற ராமின் வேகம் அதற்கு ஒருநாளும் வராது. வாங்குவது 6 ஜிபி போன், அவ்வளவுதான்.

ராம் நிறைய ஆரம்பித்ததும் ஆண்ட்ராய்டு, சும்மா கிடக்கிற விஷயங்களைச் சுருக்கி ராமுக்குள்ளேயே அடுக்கி வைக்கும். அதுவும் பத்தாவிட்டால் பின்னணியில் இருக்கிற ஆப்களை ஒவ்வொன்றாக மூடும். கேமரா நிறைய ராம் கேட்கும். அதனால்தான் ஸ்கேன் பண்ணும்போது அடி விழுகிறது.

ஆனால் காசு போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா திறந்த உடனே ஆப் மூடினால் ராம் போதவில்லை. திரையை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுக்கும்போது மூடியிருந்தால் பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம். அதற்கு 12 ஜிபி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பக்கம் போய், கட்டுப்பாடு இல்லை என்று மாற்ற வேண்டும். 'ராம் க்ளீனர்' ஏதாவது போட்டிருந்தால் இப்போதே நீக்குங்கள். அது மூடுகிற ஆப்பைத் திரும்பத் திறக்க நேரமும் பேட்டரியும்தான் செலவு.

கோவை_ரைடர்
ராமை மட்டும் பார்க்காதீங்க. ஸ்டோரேஜ் சிப் மெதுவான இஎம்எம்சி வகையா, வேகமான யுஎஃப்எஸ் வகையா என்று கேளுங்க. இஎம்எம்சியில் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது, யுஎஃப்எஸ்ஸில் முடியும். மூடின ஆப்பைத் திரும்பத் திறக்கும்போது அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். 64 ஜிபி நிரம்பி வழிந்தாலும் போன் திணறும், வாட்ஸ்அப் வீடியோக்களை முதலில் அழியுங்க.

மதுரை_ஆட்டோ
இரண்டு விதமாகவும் மூடுகிறது. பேட்டரி செட்டிங் மாற்றினேன், பையில் இருக்கும்போது இப்போது மூடவில்லை. ஸ்கேன் பண்ணும்போது இன்னும் அதேதான்.

சர்வீஸ்_மேஜை
அப்போது மிச்சம் ராம் பிரச்சினைதான். நிஜமான 8 ஜிபி, யுஎஃப்எஸ், 128 ஜிபி எடுங்கள் அண்ணே. போன வருட மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. 6 இன்றைக்கு ஓடும், ஆனால் ஆப்கள் வருஷா வருஷம் பெரிசாகிக்கொண்டே போகின்றன. போனில் ராமைப் பிறகு ஏற்ற வழியில்லை. 12 உங்கள் வேலைக்குத் தேவைப்படாது, பெரிய கேம் விளையாடுபவர்கள் யோசிக்கலாம். மிச்சமாகிற காசில், போனை நேர் வெயில் படாமல் மாட்டி வைக்க நல்ல மவுண்ட் வாங்குங்கள். சூடேறினால் எத்தனை ஜிபி இருந்தாலும் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மதுரை_ஆட்டோ
சரி தம்பி. கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, சேர்ப்பதைக் கணக்கில் எடுக்காமல், நிஜ ராம் மட்டும் 8 ஜிபி இருந்தால்தான் எடுப்பேன்.