ஒகேனக்கல்லில் இரு கரையையும் தொடும் கூடம்: வேண்டுமா?

பென்னாகரத்தான்:
கட்டடக்கலை கடைசி ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்கு ஒகேனக்கலை எடுத்திருக்கிறேன். இக்கரை நாம், அக்கரை கர்நாடகம். 2008-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, முதலில் எல்லையை அளக்க வேண்டும் என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அந்த இடத்திலேயே ஒரு நடைபாலமும், நடுவில் மீன் வறுக்கிற இரு கரைக்காரர்களுக்கும் ஒரு சந்தைக்கூடமும் வரைந்திருக்கிறேன். 2019-ல் அமெரிக்க-மெக்சிகோ எல்லை வேலியின் இடுக்கில் ரொனால்ட் ரயேல், வர்ஜீனியா சான் ஃப்ரடெல்லோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் மூன்று இளஞ்சிவப்பு சீசாக்களை (குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் பலகைகளை)ச் செருகினார்கள். இந்தப் பக்கக் குழந்தை இறங்கினால்தான் அந்தப் பக்கக் குழந்தை ஏறும். எனக்கு ஆசை அங்கிருந்து வந்ததுதான்.

ஓசூர்வாசி:
தம்பி, அங்கே வேலி ஆட்களைப் பிரிக்கிறது. இங்கே வேலி எங்கே? ஜூஜூவாடி தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன், யாரும் மறிப்பதில்லை. நமக்குத் தகராறு தண்ணீரிலும் எல்லைக் கோட்டிலும்தான். ஆற்றில் தூண் நட்டால் அது யார் நிலம் என்றுதான் முதல் கேள்வி வரும். நீ வரைவது பாலம், அங்கே நிற்கப்போவது எல்லைக்கல். அக்கரைக் காடு வேறு காவிரி வனவிலங்குச் சரணாலயம். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறையேறிய ஊர்கள் நம்முடையவை. என்னைக் கேட்டால், இந்த எல்லையில் எழுந்த நல்ல கட்டுமானம் அந்தக் குடிநீர்க் குழாய்தான்.

பரிசல்துறை:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறோம். பாலம் வந்தால் எங்கள் துடுப்புக்கு என்ன வேலை? அப்புறம், 2024 ஆடியில் லட்சம் கன அடிக்கு மேல் வந்ததே, அதை உங்கள் தூண் தாங்குமா?

பென்னாகரத்தான்:
தூணை விட்டுவிடுகிறேன் அண்ணா. நீங்கள் இரண்டு பேரும் சொல்வது நியாயம். அந்த சீசாக்களும் ஒரு மணி நேரம்கூட அங்கே இல்லை. தண்ணீர் குறைந்த மாதங்களில் பரிசல்களைச் சேர்த்துக் கட்டி ஒரு மிதவைச் சந்தை போட்டால்? வெள்ளம் வரும் முன் அவிழ்த்துவிடலாம். ஆற்றில் எதுவும் மிஞ்சாது, எந்தக் கரைக்கும் சொந்தமாகாது. ஓட்டுவது நீங்கள்தான்.

ஓசூர்வாசி:
அவிழ்க்கலாம் என்பது சரி. ஆனால் அனுமதியை எந்த மாவட்டத்தில் கேட்பாய்? இரண்டு பக்கமும் கேட்டால், அங்கேயே கோட்டுச் சண்டை தொடங்கிவிடும். நான் இன்னும் ஒப்பவில்லை.

பரிசல்துறை:
அனுமதி பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பரிசலைப் பரிசலோடு சும்மா கட்டினால் சுழலும், தம்பி. குறுக்கே முழு மூங்கில் கொடுத்துத்தான் பிணைக்கணும். ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைக்கு வாங்க, இரண்டைக் கட்டிப் பார்ப்போம்.