தொலையணுகு வழங்கியா, முகப்பா?

காரைக்குடியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கான தமிழ்க் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ரிமோட் ஆக்ஸஸ் சர்வர்' என்ற கருவிக்குத் தமிழ்ச் சொல் தேடி நிற்கிறேன். பழைய டயல்-அப் முறையில் வீட்டுக் கணினி மோடம் வழியாகத் தொலைபேசியில் கூப்பிடும். மறுமுனையில் இந்தக் கருவி எடுக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சரியாக இருந்தால் ஒரு ஐபி முகவரி கொடுக்கும். அப்புறம் கூப்பிட்ட கணினியின் பொதிகளை (தரவுத் துண்டுகளை) அலுவலக வலைக்குள் விடுவதும், அங்கிருந்து வருபவற்றைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதும்தான் அதன் வேலை. வினாடிக்கு 56 கிலோபிட்டுக்கு மேல் ஏறாது என்பதை விட்டால், அந்தக் கணினி அலுவலகத்துக்குள் இருப்பது போலத்தான். 'தொலை அணுகல் சேவையகம்' என்று எழுதியிருந்தேன். "சேவை, இடியாப்பம் விற்கிற இடமா சார்?" என்று கேட்டான் ஒருவன்.

தேவகோட்டையிலிருந்து:
பையன் கேட்டது நியாயம், தம்பி. சேவை வடசொல், 'வழங்கி' இருக்க அது எதற்கு? தொலையும் வேண்டாம், "தொலைந்து போ" என்று வைகிற சொல். அண்மைக்கு எதிர் சேய்மை. ஆகவே 'சேயணுகு வழங்கி'. 'அணுகு வழங்கி' வினைத்தொகை. நேற்று அணுகியதும் நாளை அணுகப்போவதும் அதற்குள் அடக்கம். சேய் என்றதும் தொல்காப்பியத்துச் சேயோன் நினைவுக்கு வருகிறான். சிவந்தவன் என்பார்கள். எனக்கென்னவோ மலைமேல் எட்டத்தில் நிற்பதால்தான் சேயோன் என்று படுகிறது. சேண் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்...

பள்ளத்தூரிலிருந்து:
ஐயா, முருகனை மோடத்தில் ஏற்ற வேண்டாம். சேய் என்றால் பிள்ளைகள் குழந்தையைத்தான் நினைப்பார்கள். தொலைபேசியில் வராத கோபம் இங்கே மட்டும் ஏன்? டயல் செய்வதற்கு 'விளி' என்று சொல்லலாமா என்று யோசித்தேன். விளிதலுக்குச் சாதல் என்றும் பொருள் உண்டு. பாதியில் அறுந்துபோகிற இணைப்புக்குப் பொருத்தம்தான், ஆனாலும் வேண்டாம். கூப்பிட்ட கணினியின் நிலை குறள் சொல்கிற 'அகலாது அணுகாது' தானே?

கானாடுகாத்தானிலிருந்து:
தம்பி, நம் செட்டிநாட்டு வீட்டிலேயே சொல் இருக்கிறது. வந்தவர் நேரே உள்முற்றமான வளவுக்குள் நுழைவதில்லை. முகப்பில் உட்காரவைத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்ட பிறகுதான் உள்ளே. வளவு உங்கள் அலுவலக வலை, முகப்பு உங்கள் சர்வர். உள்ளே சேர்ந்த கணினியைப் 'புள்ளி' என்று சொல்லுங்கள். கல்யாணமானதும் நம் நகரத்தார் கோயிலில் புதுக் குடும்பத்தைப் புள்ளியாகச் சேர்ப்பது போல.

காரைக்குடியிலிருந்து:
ஆச்சி, படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நம் புள்ளி நிலையானது. இந்த முகவரி பெரும்பாலும் போனை வைத்ததும் அடுத்து கூப்பிடுபவருக்குப் போய்விடும்.

தேவகோட்டையிலிருந்து:
முகப்பை ஏற்கெனவே இணையதளத்தின் முதல் பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று. ஒரு வீட்டுக்கு இரண்டு முகப்பா?

கானாடுகாத்தானிலிருந்து:
இரண்டு தெருவைத் தொடுகிற வீட்டை ஐயா பார்த்ததில்லை போலிருக்கிறது.

காரைக்குடியிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். எழுதியவர்களில் அதிகம் பேர் 'தொலையணுகு வழங்கி' போதும் என்கிறார்கள், அதையே போடுகிறேன். மோடம் மோடமாகவே இருக்கும். வகுப்பில் மட்டும் கரும்பலகையில் முகப்பும் வளவும் வரைந்துதான் சொல்லித்தரப் போகிறேன், ஆச்சி.

தேவகோட்டையிலிருந்து:
மெய்ப்பு எப்போது வரும்? சேயணுகு என்று திருத்தி அனுப்புகிறேன்.