புதுப்பிப்பு: தண்டனை கூடிப்போனதற்கு மேன்முறையீடு

இலங்கையில் நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் போடலாமா?" என்று பலர் கேட்டீர்கள். அதை அன்றே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்புக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு உரிமை மிகக் குறுகியது. பெரும்பாலும் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுதான் (கீழ் நீதிமன்றம் செய்தது சரியா என்று பார்க்கும்படி கேட்கும் மனு) வழி. வழக்கை நடத்தித் தோற்றவர் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, தண்டித்த நீதிமன்றத்திலேயே மனுவைக் கொடுக்க வேண்டும். அந்த 14 நாளை ஞாயிறு, போயாவை (பௌர்ணமி விடுமுறை) கழித்து எண்ணாதீர்கள். பத்து நாளுக்குள் முடிப்பதே பாதுகாப்பு. மனுப் போட்டதும் ஆள் தானாக வெளியே வரமாட்டார், பிணையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

"பாவம், குடும்பக்காரர்" என்று எழுதினால் போதாது. முன்குற்றம் இல்லை, நட்டஈடு கட்டியாயிற்று, விளக்கமறியலில் இருந்த நாட்கள் இத்தனை என்று ஆதாரத்தோடு காட்டுங்கள்: ரசீது, தோட்ட ஆபீஸின் வேலைக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் புத்தகம். சிறை இரண்டு வருடத்துக்கு மேற்படாவிட்டால், ஒத்திவைத்த தண்டனையாக (குறித்த காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்யாவிட்டால் சிறைக்குப் போகத் தேவையில்லை) மாற்றும்படியும் கேட்கலாம். ஆனால் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்துக்கு அது கிடைக்காது.

இன்னொன்று, மேல் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் முடியும். லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) யாரோ சொன்னதை நம்பி மனுவில் கைநாட்டு வைக்காதீர்கள். வழக்கேடு சிங்களத்தில் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்புக் கேளுங்கள், அது அரசியலமைப்பு தரும் உரிமை. காசில்லாதவர்கள் அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.