புதுப்பிப்பு: ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் தொண்டை வலி

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து செல்லூர் வீட்டுக்கு வந்த அம்மாவுக்குத் தொண்டை எரிகிறது, குரல் கம்மிவிட்டது, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறார். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் விடும் டியூப், குரல் நாண்களுக்கு நடுவே போவதால் ஏற்படும் உரசல்தான் இது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும் என்றார் டாக்டர். அப்படியேதான் ஆனது.

அதிகம் கைகொடுத்தது உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, நாளைக்கு நாலைந்து முறை கொப்பளித்தார். இந்த வெயிலில் தொண்டை காயக் கூடாதென்று அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தோம். சாப்பாடு கஞ்சி, காரச் சட்னி இல்லாத இட்லி. குளிர்ச்சிக்கு ஜிகர்தண்டா கேட்டார். பித்தப்பை எடுத்த உடனே அவ்வளவு பால் கொழுப்பு வேண்டாமென்று ஐஸ் துண்டுதான் கொடுத்தேன். பாவமாக இருந்தது.

பேசாமல் இருக்க வைப்பதுதான் பெரும்பாடு. பார்க்க வந்த அத்தையிடம் கிசுகிசுவென்று பேசிக்கொண்டே இருந்தார். அதுவும் குரலுக்குச் சிரமம் என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் நோட்டில் எழுதிக் காட்டினார்.

மூச்சுத் திணறல், ரத்தம், காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத வலி இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குரல் கம்மல் ஒரு வாரத்தைத் தாண்டினாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.