பழங்குடி என்ற சொல்லில் நாம் யாரைத் தேடுகிறோம்?

ஏட்டுச்சுவடி (கேள்வி):
பழங்குடியினரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகப் படித்துவருகிறேன். 1965இல் இந்திய அரசு அமைத்த லோகூர் குழு பழங்குடிச் சமூகங்களை அடையாளம் காண ஐந்து அளவுகோல்களை வகுத்தது: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சமும் ஓர் அளவுகோல் என்றால், பள்ளிக்குச் சென்று, நகரத்தில் வேலை பார்த்து, தம் நிலத்துக்காகத் தாமே வழக்காடும் ஒருவர் பழங்குடி அல்லாதவர் ஆகிவிடுகிறாரா? காட்டுரிமையைப் பற்றிப் பேசும்போதும் அவர்களுடைய ஓவியத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே கற்பனை மனிதரைத்தான் நாம் மனத்தில் வைத்திருக்கிறோமா?

மலையடிவாரம்:
அரசமைப்புச் சட்டம் பழங்குடி என்றால் யார் என்று வரையறுக்கவில்லை. 342ஆம் பிரிவின்கீழ்க் குடியரசுத் தலைவர் வெளியிடும் பட்டியலில் எந்தச் சமூகத்தின் பெயர் இருக்கிறதோ அதுவே பட்டியல் பழங்குடி. நீங்கள் சொல்லும் ஐந்தும் ஒரு சமூகத்தைப் புதிதாகச் சேர்க்கலாமா என்று அதிகாரிகள் ஆராயும்போது பயன்படுபவை. ஆகவே படித்ததனால் யாரும் தகுதி இழப்பதில்லை. ஆனால் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே வரவேண்டுமானால், தாங்கள் மாறவே இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதுவே பெரிய அநீதியாகப் படுகிறது.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற மலைவாழ் சமூகத்தின் பெயரோடு (கேரளத்தாரை இது குறிக்காது) தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள பர்கூர் மலை முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பட்டியலில் கோயம்புத்தூர் இல்லை. அந்த மலையில் வாழும் மலையாளிகள் பல ஆண்டுகளாகப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது அவர்களுடைய வாழ்க்கைமுறையன்று, வருவாய்த்துறை வரைந்த மாவட்ட எல்லை.

காணிநிலம்:
நிலத்தைப் பொறுத்தவரை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேறு வகையில் சிந்திக்கிறது. அது கூச்சத்தையோ தொன்மையையோ அளப்பதில்லை. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்தக் காட்டில் வாழ்ந்து, அதைச் சார்ந்திருந்தீர்களா என்று கேட்கிறது. வீடு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும், எழுதிப் பதிவு செய்யப்பட்ட மூத்தோரின் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படுகின்றன. கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை.

2013 ஏப்ரலில் ஒடிசாவின் நியமகிரி மலை வழக்கில் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கம் குறித்த கேள்வியைக் கிராம சபைகளிடம் விட்டபோது, கூடிய 12 சபைகளும் மறுத்துவிட்டன. அந்த மலை அங்கு வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்குத் தெய்வம் என்பதையே வெளியார் பெரிதும் பேசினார்கள். அது உண்மைதான், ஆனால் அதே மலையில் அவர்கள் அன்னாசியும் மஞ்சளும் விளைவிக்கிறார்கள் என்பதும், அதன் ஊற்றுகள் அந்த விளைச்சலுக்கு உயிர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. பக்தர்களாக மட்டும் காட்டினால், தம் நிலத்தின் பொருளாதாரத்தை அறிந்து வாக்களித்த மனிதர்கள் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

தூரிகை:
ஓவியத்திலும் இப்படி மனிதர் மறைந்துபோவது உண்டு. நடு இந்தியாவின் கோண்டு பழங்குடியின் பெயரால் கோண்டு ஓவியம் என்று விற்கப்படுவதை ஆயிரமாண்டு மரபு என்று சொல்லிவிடுகிறோம். காகிதத்திலும் துணியிலும் அதற்கு இன்றைய உருவம் கொடுத்தவர் மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் ஊரைச் சேர்ந்த ஜன்கட் சிங் ஷியாம். கோண்டு மக்களுக்குப் பாணா என்ற நரம்பிசைக்கருவியை மீட்டி வம்சக்கதை பாடிய பர்தான் குடியில் பிறந்தவர் அவர். 1980களின் தொடக்கத்தில் போபாலில் உள்ள பாரத் பவன் என்ற கலை மையத்துக்கு வந்து, பாடப்பட்ட தெய்வங்களுக்குப் புள்ளியாலும் கோட்டாலும் வடிவம் கொடுத்தார். 1989இல் அவர் படைப்புகள் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. நவீன ஓவியர் ஒருவர் புதிய பாணியைக் கண்டால் அவர் பெயரைச் சொல்கிறோம். இவர் கண்டபோது இனத்தின் பெயரைச் சொல்லிவிட்டோம். இந்த வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

காணிநிலம்:
தூரிகை அவர்களே, உங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் இனப்பெயரைக் கைவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முண்டா சமூகத்தவரான ஜெய்பால் சிங் ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணித் தலைவர். அவரே 1946 டிசம்பரில் அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய அவையில் எழுந்து, தம்மைக் காட்டான் என்று அழைப்பதில் பெருமைப்படுவதாகச் சொன்னார். பின்னர் ஆதிவாசி என்ற சொல்லுக்காக வாதிட்டார். கூட்டுப் பெயரால்தான் நில உரிமையையும் இட ஒதுக்கீட்டையும் கேட்க முடியும்.

ஏட்டுச்சுவடி:
அனைவருக்கும் நன்றி. ஜெய்பால் சிங்கைப் பற்றிப் படித்ததும் குறளின் குடிமை அதிகாரம் நினைவுக்கு வந்தது. அங்கே 955ஆம் குறளில் பழங்குடி என்பது, வறுமை வந்தபோதும் பண்பில் வழுவாத, வழிவழியாக வந்த குடியைக் குறிக்கிறது. அந்த மதிப்பு இன்றைய வழக்கில் எப்போது உதிர்ந்தது என்பதைக் கட்டுரையில் தனியே ஆராயப்போகிறேன். கட்டுரையைப் பர்கூர் மலையிலிருந்து தொடங்க நினைக்கிறேன். அங்கே சான்றிதழுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களோடு பழக்கம் உள்ளவர்கள், அவர்களுடைய ஒப்புதலோடு, அந்த மறுப்பு ஆணைகளில் எழுதப்பட்டிருந்த காரணங்களை இங்கே பகிர்ந்தால் பெரிதும் உதவும்.