சோறு வேகுவது எந்த மாற்றம்? ஆசிரியர்கள் உதவுங்களேன்

வணக்கம். டியூஷன் பிள்ளைகளுக்காகச் சமையலில் நடக்கும் இயற்பியல், வேதியியல் மாற்றங்களைப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கடுகு வெடிப்பது இயற்பியல், மாவு புளிப்பது வேதியியல், சரி. வெண்ணெய் காய்ச்சினால் இரண்டும் உண்டு: உருகுவதும் தண்ணீர் வற்றுவதும் இயற்பியல், அப்புறம் கசண்டு சிவந்து வாசம் வருகிறதே, அது பால்புரதமும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் வினைபுரிவதால்.

சிக்கல் சோறுதான். சுமார் 70 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. ஹைட்ரஜன் பிணைப்புகள் (மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் வலுக்குறைந்த ஈர்ப்புகள்) அவிழ்கின்றன, ஆனால் மூலக்கூறு அதே மாவுச்சத்துதான். பழையபடி அரிசியாகவும் ஆகாது. ‘திரும்பாவிட்டால் வேதியியல்’ என்ற விதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. துருவிய தேங்காயும்தான் திரும்பாது! நீங்கள் வகுப்பில் எந்தப் பக்கம் எழுதுகிறீர்கள்? தேர்வு விடைத்தாளில் எதற்கு மதிப்பெண் கொடுப்பீர்கள்? காரணத்தோடு சொன்னால் நல்லது. முட்டை வேகுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.