புதுப்பிப்பு: 204 பதிலும் ஜேசான் பிழையும்

பதிவை நீக்கச் சொல்லும் டெலீட் கோரிக்கை சர்வரில் வெற்றிகரமாக முடிந்த பிறகும் பிரவுசரில் ஜேசான் (JSON, தரவை உரையாக எழுதும் வடிவம்) பிழை எழுவது ஏன் என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது.

சர்வர் அனுப்புவது 204, அதாவது வேலை முடிந்தது, அனுப்ப உள்ளடக்கம் இல்லை என்று சொல்லும் எச்டிடிபி நிலைக் குறியீடு. எச்டிடிபி விதிகளைச் சொல்லும், 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 ஆவணத்தின்படி அந்தப் பதிலில் உள்ளடக்கமும் இருக்கக்கூடாது, அதன் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரும் இருக்கக்கூடாது. எங்கள் முன்பக்க நிரலோ, சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் தரும் பதிலின் ஓகே பண்பு ட்ரூவாக இருந்தாலே, அது 200 முதல் 299 வரையான வெற்றிக் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் ட்ரூதான் என்பதைப் பார்க்காமல், நேராகப் பதிலை ஜேசானாகப் படிக்கும் ஜேசான் மெத்தடை அழைத்துவிடுகிறது. வெற்று உரை முறையான ஜேசான் அல்ல என்பதால் சின்டாக்ஸ் எரர் எழுகிறது.

இப்போது 204 வந்தால் நல் (null), அதாவது எதுவுமில்லை என்ற மதிப்பைத் திருப்பிவிடுகிறோம். மற்றவற்றில் பதிலின் உடலை (உள்ளடக்கத்தை) முதலில் டெக்ஸ்ட்டாக வாசித்து, அது காலியாக இல்லாதபோது மட்டும் ஜேசானாகப் பார்ஸ் செய்கிறோம் (பிரித்துப் படிக்கிறோம்). கன்டென்ட்-லெங்த்தைப் பார்த்தாலே போதும் என்று ஒருவர் சொன்ன யோசனையை ஏற்கவில்லை, ஏனெனில் துண்டு துண்டாக வரும் பதில்களில் அந்த ஹெடரே இருப்பதில்லை.

சர்வர் பக்கம் ஃபிளாஸ்க், பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு. அதில் கோரிக்கைக்குப் பதில் தரும் வியூ ஃபங்ஷன் எதையும் ரிட்டர்ன் செய்யாவிட்டால் 204 தானாக வந்துவிடாது, டைப் எரர்தான் வரும். வெற்று உரையையும் 204ஐயும் சேர்த்தே திருப்ப வேண்டும். தேடலில் எதுவும் கிடைக்காத இடங்களில் 200உடன் காலி அர்ரேவையே (பட்டியலையே) வைத்திருக்கிறோம். அங்கே ‘கிடைக்கவில்லை’ என்னும் 404 அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.